அனுமதி கொடுக்காத ஆப் கூட போனை எடுத்துக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், என் பொண்ணு காலேஜ்ல சைபர் செக்யூரிட்டி படிக்கிறா. ஆண்ட்ராய்டுல ஒரு ஓட்டை இருந்துச்சாம், எந்த பெர்மிஷனும் கொடுக்காத ஆப் கூட அது வழியா மொத்த போனையும் கையில எடுத்துக்குமாம். நான் கேமரா, கான்டாக்ட்னு எது கேட்டாலும் "வேண்டாம்"னுதான் அழுத்துறேன். அதுக்கு அர்த்தமே இல்லையா?
– வாசகி, ஈரோடு

பதில்: அர்த்தம் இருக்கும்மா, தொடர்ந்து அப்படியே பண்ணுங்க. ஆனா பொண்ணு சொன்னதும் உண்மைதான். அவ சொல்றது அனேகமா 2019ல வெளிய வந்த "பேட் பைண்டர்" ஓட்டையா இருக்கும், பதிவு எண் சிவிஇ-2019-2215 (வெளிய தெரிஞ்ச செக்யூரிட்டி ஓட்டைக்கெல்லாம் கொடுக்கிற பொது எண்தான் சிவிஇ).

ஆண்ட்ராய்டுல நீங்க இன்ஸ்டால் பண்ற ஒவ்வொரு ஆப்புக்கும் தனியா ஒரு யூசர் நம்பர் உண்டு, 10000ல இருந்து ஆரம்பிக்கும். ஒரு நம்பர் வச்சிருக்கிற ஆப் இன்னொரு நம்பரோட ஃபைலைத் தொட முடியாது, அதனாலதான் டார்ச்லைட் ஆப்பால உங்க வாட்ஸ்அப் சாட்டைப் படிக்க முடியறதில்ல. இந்த எல்லையைக் காவல் காக்குறது கெர்னல், அதாவது ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடிக்கிட்டிருக்கிற லினக்ஸ். நம்பர் 0ன்னா ரூட், போன்லயே பெரிய அதிகாரம் அதுக்குத்தான். சாதாரண ஆப் ஒண்ணு கெர்னல்ல இருக்கிற ஒரு தப்பைப் பிடிச்சு ஏறி தன்னையே ரூட் ஆக்கிக்கிறதைத்தான் பிரிவிலேஜ் எஸ்கலேஷன்னு சொல்றாங்க, அப்படி ஏறிட்டா நீங்க எத்தனை தடவை "வேண்டாம்" அழுத்தியிருந்தாலும் அது செல்லாது, ஏன்னா அந்த "வேண்டாம்"ங்கிறதை அமல்படுத்த வேண்டிய ஆளே அதோட கைக்குள்ள போயிட்டாரு.

பைண்டர்ங்கிறது கெர்னல்ல ஒரு பகுதி. ஆப் கேமராவைத் திறக்கணும்னாலும் சரி, லொகேஷன் கேக்கணும்னாலும் சரி, இன்னொரு ஆப்போட பேசணும்னாலும் சரி, பைண்டர் வழியாத்தான் போகணும், அதனால எல்லா ஆப்புக்கும் அது திறந்தே இருக்கும், தனியா அனுமதி கேக்காது. குரோம்ல ஒரு வெப்சைட்டை ஓட்டுற, ரொம்ப இறுக்கமா அடைச்சு வச்ச பிராசஸுக்கு கூட பைண்டர் எட்டும். இந்த ஓட்டையை பயமா பாத்ததுக்கு அதுதான் காரணம், ஆப் இன்ஸ்டால் பண்ணித்தான் ஆகணும்னு இல்ல, பிரவுசர்ல இன்னொரு ஓட்டையோட சேர்த்தா ஒரு லிங்க்கே போதும்.

தப்பு என்னன்னா, ஒரு த்ரெட், அதாவது ஆப்புக்குள்ள தனியா ஓடுற ஒரு வேலை, முடிச்சிட்டு வெளிய போகும்போது அதுக்குக் கொடுத்த மெமரியை பைண்டர் விடுவிச்சிடும், பிக்சல் 2 போன்ல அது 408 பைட். ஆனா ஈபோல்னு கெர்னல்ல இருக்கிற இன்னொரு பகுதி அந்த பழைய இடத்தோட முகவரியை இன்னும் கையில வச்சிருக்கும். லாட்ஜ்ல ரூமைக் காலி பண்ணின ஆள் சாவியைக் கொடுக்காமப் போன மாதிரிதான் இது, அடுத்த ஆள் உள்ள தங்கியிருக்கும்போது அவர் வந்து கதவைத் திறந்தா என்ன ஆகும்! திருட்டு ஆப் அந்த காலி இடத்துல தனக்கு வேண்டிய டேட்டாவைக் கொண்டு வந்து வைக்கும், ஈபோல் பழைய நினைப்புல அங்க எழுதும், அந்த எழுத்தை வச்சு கெர்னல் மெமரி முகவரி ஒண்ணு கசியும். ஒவ்வொரு ஆப்புக்கும் "இந்த முகவரிக்கு மேல நீ போகக்கூடாது"ன்னு ஒரு எல்லை எண் கெர்னல்ல இருக்கும். கடைசியா அந்த எண்ணை மாத்திட்டாங்கன்னா ஆப்பே கெர்னல் மெமரியைப் படிக்கலாம், எழுதலாம். அப்புறம் தன்னோட யூசர் நம்பரை அழிச்சு 0ன்னு எழுதிக்கிறது சின்ன வேலை.

கேள்வி: அண்ணா, இந்த பக் 2018லயே லினக்ஸ்ல சரி பண்ணியாச்சுன்னு எங்க சீனியர் சொல்றாரு. அப்புறம் எப்படி அது 2019ல புது ஓட்டையா வந்துச்சு?
– இன்ஜினியரிங் மாணவர், திருநெல்வேலி

பதில்: சீனியர் சொன்னது சரி தம்பி, எனக்கு இந்தக் கதையில ரொம்ப கோபம் வர்ற இடமும் இதுதான். 2017 நவம்பர்ல சிஸ்காலர்னு ஒரு தானியங்கி சோதனைக் கருவி, கண்டதையும் கெர்னலுக்குள்ள அனுப்பிப் பாத்து பக் பிடிக்கிற கருவி, இதைப் பிடிச்சுக் கொடுத்துடுச்சு. 2018 தொடக்கத்துல திருத்தமும் எழுதிட்டாங்க, அதிகமில்ல, சில வரிதான். லினக்ஸ் 4.14லயும் ஆண்ட்ராய்டோட பொது கெர்னல் 3.18, 4.4, 4.9லயும் சேர்த்துட்டாங்க. ஆனா இதை ஒரு செக்யூரிட்டி ஓட்டைன்னு யாரும் குறிக்கல, சிவிஇ எண் வாங்கல, அதனால மாசா மாசம் வர்ற ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி புல்லட்டின்ல அது ஏறவே இல்ல, புல்லட்டின்ல இல்லாததை எந்த போன் கம்பெனி தேடிப் பிடிச்சு தன்னோட கெர்னல்ல போடப்போகுது? கூகுளோட சொந்த போனான பிக்சல் 2லயே போடல. சாம்சங் எஸ்7, எஸ்8, எஸ்9, ஹுவாவே பி20, ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5, ஷாவ்மி ஏ1, ஓப்போ ஏ3, மோட்டோ இசட்3ன்னு பட்டியல் நீளுது. இதுல ரெட்மி போன் எல்லாம் நம்ம ஊர்ல எத்தனை வீட்ல இருந்துச்சுன்னு உனக்கே தெரியும்.

2019ல, ஓட்டைகளைத் தேடிப் பிடிக்கிற கூகுளோட ப்ராஜெக்ட் ஜீரோ டீமுக்கு ஒரு துப்பு வந்துச்சு, உளவு மென்பொருள் விக்கிற இஸ்ரேலோட என்எஸ்ஓ குரூப் பயன்படுத்துறதாவோ விக்கிறதாவோ சொல்லப்பட்ட ஒரு ஆண்ட்ராய்டு எக்ஸ்ப்ளாயிட், அதாவது ஓட்டை வழியா உள்ள நுழையற கோட், இருக்குன்னு. மாதிரி கோட் எதுவும் கையில கிடைக்கல, அங்கங்க கிடைச்ச சில குறிப்பு மட்டும்தான்: பிக்சல் 1, 2ல வேலை செய்யும், பிக்சல் 3ல செய்யாது, குரோம் சாண்ட்பாக்ஸ்ல (மேல சொன்ன அடைச்சு வச்ச பிராசஸ்) இருந்தே எட்டும், 4.14ல ஏற்கனவே சரியாயிடுச்சு. அந்த டீம்ல இருந்த மேடி ஸ்டோன் இந்தக் குறிப்புகளை ஒவ்வொண்ணா கெர்னல் மாற்றங்களோட பொருத்திப் பாத்து, எல்லாத்துக்கும் ஒத்துப்போறது இந்த ஒரு பக் மட்டும்தான்னு பிடிச்சாங்க. எக்ஸ்ப்ளாயிட்டைக் கண்ணால பாக்காமலே! படிக்கிற பிள்ளைங்க கட்டாயம் தேடிப் படிக்க வேண்டிய வேலை அது. செப்டம்பர் 27ல ஆண்ட்ராய்டு டீமுக்கு சொன்னாங்க, வழக்கமா கொடுக்கிற 90 நாளைக் கொடுக்காம 7 நாள் கெடுதான் வச்சாங்க, ஏன்னா ஏற்கனவே யாரோ இதை வச்சு ஆளுங்களைத் தாக்கிட்டு இருக்காங்கன்னு அவங்களுக்கு ஆதாரம் கிடைச்சது. என்எஸ்ஓ தங்களுக்கு சம்பந்தமே இல்லன்னு மறுத்துடுச்சு. அந்த அக்டோபர் பேட்ச்லதான் ஒருவழியா திருத்தம் போன்களுக்கு வர ஆரம்பிச்சது.

திருத்தம் எழுதி முடிச்சு ஒன்றரை வருஷத்துக்கு மேல அது போன் வரைக்கும் வந்து சேரல. இந்த இடைவெளியில ஆபத்து குறையல, கூடிச்சுன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா கெர்னல் கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்கு, அந்த சில வரியைப் பாத்தா எங்க ஓட்டைன்னு தாக்குறவனுக்கு வழிகாட்டின மாதிரி ஆயிடும். 2024 பிப்ரவரியில இருந்து லினக்ஸ் கெர்னல் டீமே சிவிஇ எண் கொடுக்கிற அதிகாரத்தை எடுத்துக்கிட்டு, கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் எண் போட்டுடறாங்க. எண்ணிக்கை எகிறிடுச்சுன்னு நிறைய பேர் புலம்புறாங்க, எனக்கு என்னவோ இதுதான் நல்லதுன்னு படுது.

கேள்வி: பிளே ஸ்டோர்ல இருந்து மட்டும் இறக்குனா பயமில்லைதானே?
– வாசகர், மதுரை

பதில்: வெளிய கிடைக்கிற ஏபிகே ஃபைலை (ஆப்பை நேரா இன்ஸ்டால் பண்ற ஃபைல்) விட ஆயிரம் மடங்கு நல்லது, ஆனா முழு காப்பு இல்ல. 2020 ஜனவரியில ட்ரெண்ட் மைக்ரோங்கிற செக்யூரிட்டி கம்பெனி ஆளுங்க பிளே ஸ்டோர்லயே மூணு ஆப்பைக் கண்டுபிடிச்சாங்க: கேமெரோ, ஃபைல்கிரிப்ட் மேனேஜர், கால்கேம். கேமெரோ போட்டோ ஆப் மாதிரி வந்து, மேல சொன்ன அதே பேட் பைண்டரை வச்சு சில போன்கள்ல ரூட் எடுத்து, உங்களைக் கேக்காமலே கால்கேமை இன்ஸ்டால் பண்ணிடும். கால்கேம் ஐகானை மறைச்சுக்கிட்டு லொகேஷன், ஃபைல், ஜிமெயில், குரோம் டேட்டான்னு எல்லாத்தையும் அனுப்பிட்டிருக்கும். ஃபைல்கிரிப்ட் மேனேஜர் வேற வழியில போச்சு, உங்ககிட்டயே அக்சஸிபிலிட்டி அனுமதி, அதாவது ஸ்க்ரீன்ல இருக்கிறதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலா பட்டன் அழுத்தவும் விடுற அனுமதி, கேட்டு வாங்கிச்சு. அதனாலதான் முதல் கேள்வி கேட்ட அம்மாவை "வேண்டாம்" அழுத்துறதை விடாதீங்கன்னு சொன்னேன்.

கேள்வி: பழைய போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டா இந்த ஓட்டை போயிடுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: போகாதுங்க. ரீசெட் உங்க டேட்டாவைத்தான் அழிக்கும், கெர்னல் அதேதான் இருக்கும். அப்டேட் மட்டும்தான் வழி.

கேள்வி: அப்பா இன்னும் 2018ல வாங்கின போன்லதான் ஜிபே பண்றாரு. மாத்தணுமா? புதுசு வாங்கினா எதைப் பாத்து வாங்கறது?
– வாசகி, கோவை

பதில்: செட்டிங்ஸ்ல "அபௌட் போன்" உள்ள போய் ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்னு ஒரு தேதி இருக்கும், பாருங்க. 2019 அக்டோபர் 6க்கு முன்னாடி தேதின்னா பேட் பைண்டர் இன்னும் திறந்தே இருக்கலாம். அதுக்கு அப்புறம்னாலும் அந்தத் தேதியோட நின்னு போயிருந்தா, அதுக்குப் பின்னாடி வந்த ஓட்டை எதுவும் அடைபட்டிருக்காது. அந்த போன்ல பாட்டு கேக்கட்டும், வீடியோ பாக்கட்டும், பேங்க் சிம்மையும் ஜிபேயையும் மட்டும் இன்னைக்கே வேற போனுக்கு மாத்திடுங்க.

புதுசு வாங்கும்போது கடைக்காரர் கேமரா எத்தனை மெகாபிக்சல்னு சொல்றதை அப்புறம் கேளுங்க, முதல்ல எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட்னு கேளுங்க. பிக்சல் 8ல இருந்தும் கேலக்ஸி எஸ்24ல இருந்தும் 7 வருஷம்னு உறுதி கொடுத்திருக்காங்க. அந்த விலை கட்டுப்படியாகலன்னா நடுத்தர விலை போன்லயும் 4, 5 வருஷம் கொடுக்கறவங்க இருக்காங்க, மாடலுக்கு மாடல் மாறும், கம்பெனி சைட்ல பாத்துட்டு வாங்குங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன் 20ல இருந்து ஒரு மாடல் விற்பனையை நிறுத்தின பிறகும் குறைஞ்சது 5 வருஷம் அப்டேட் கொடுக்கணும்னு சட்டமே வந்தாச்சு. எட்டாயிரம் ரூபா போன் வாங்கற நம்ம ஆளுங்களுக்கும் அந்த மாதிரி ஒரு சட்டம் வேணும், ஏன்னா யூபிஐல சம்பளமும் சேமிப்பும் ஓடறது பெரும்பாலும் அந்த போன்கள்லதான்.