பேக்கேஜ் லிஸ்டை யார் எழுதுவது? வேறு ஆர்க்கிடெக்சருக்குப் போகிறவர்களுக்கான கேள்வி பதில்

திருநெல்வேலி வட்டாரத்தில் பள்ளிக்கூட லேப்களுக்காக டெபியன் லினக்ஸ் அடிப்படையில் ஒரு சின்ன டிஸ்ட்ரோ (இயங்குதளத் தொகுப்பு) வைத்திருக்கிறோம். இதுவரை ஏஎம்டி64 ஆர்க்கிடெக்சர், அதாவது சாதாரண 64 பிட் இன்டெல், ஏஎம்டி பிராசசர் வகை மட்டும்தான். இப்போது அதை ஆர்ம்64, ரிஸ்க்வி64 போர்டுகளுக்கும் கொண்டுபோகிறோம். அதில் பேக்கேஜ் லிஸ்டை, அதாவது எந்தெந்த மென்பொருள் மூட்டைகள் இன்ஸ்டால் ஆக வேண்டும் என்ற பட்டியலைத் தானாகத் தயாரிப்பது பற்றிப் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

தென்காசி: அண்ணாச்சி, நல்லா ஓடுற ஏஎம்டி64 மெஷினில் இன்ஸ்டால் ஆகியிருக்கும் பேக்கேஜ் எல்லாவற்றையும் லிஸ்ட் எடுத்து, ஆர்ம்64 மெஷினில் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் ஆப்ட்டுக்குக் கொடுத்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. லிஸ்டில் எதை எதை வெட்டணும்?

எதையும் வெட்ட வேண்டாம், அந்த லிஸ்டையே தூக்கிப் போடுங்க. ஒரே ஒரு பெயர் தெரியாவிட்டாலும் ஆப்ட் மொத்த வேலையையும் நிறுத்திவிடும். உங்கள் லிஸ்டில் நீங்கள் கேட்டு வாங்கியவையும், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தவையும் கலந்து கிடக்கின்றன. மறுவீட்டுக்குச் சொதி வைக்கணும் என்று மட்டும் சொன்னால், எத்தனை தேங்காய், எவ்வளவு பாசிப்பருப்பு என்று தவசிப்பிள்ளை எழுதித் தருவார். நீங்கள் போன கல்யாணத்து மளிகைச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறீர்கள்.

2024-இல் நடந்ததைப் பாருங்கள். 2038-ஆம் ஆண்டு நேரச் சிக்கலுக்காக (32 பிட்டில் எண்ணும் நேரம் அந்த ஆண்டில் நிரம்பிவிடும்), 32 பிட் ஆர்க்கிடெக்சர்களில் நேரத்தை 64 பிட்டாக மாற்றும் வேலையை டெபியன் செய்தது. அதற்காக நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பெயரில் டி64 என்று வால் ஒட்டியது. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. உள்ளே எதுவும் மாறாத 64 பிட் மெஷின்களிலும் பெயர் மாறியது. லைப்ரரி பெயர்களைக் கையால் எழுதி வைத்திருந்தவர்களுக்கு ஆர்க்கிடெக்சரை மாற்றாமலே தலைவலி வந்தது.

ஆகவே கையால் எழுத வேண்டியது விருப்பத்தை மட்டும்தான்: லிப்ரேஆபீஸ், ஜிகாம்ப்ரி, ஃபயர்ஃபாக்ஸ், தமிழ் உள்ளீடு, இந்த அளவுக்கு. உபுண்டுக்காரர்கள் இதை சீட் என்பார்கள், விதைதான். அதைப் படித்து, ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் ஆர்க்கைவை, அதாவது பேக்கேஜ் கிடங்கைப் பார்த்து டிபெண்டன்சிகளை (ஒன்றுக்குத் தேவைப்படும் மற்றவை) விரித்துக் கொடுக்கும் புரோகிராம் ஜெர்மினேட். டெபியனிலும் கிடைக்கிறது. பழைய மெஷினில் இருந்துதான் தொடங்கணும் என்றால் ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் கொடுங்க. நீங்கள் கேட்டு வாங்கியவை மட்டும் வரும். அதிலும் இன்ஸ்டாலர் போட்டவை கொஞ்சம் கலந்திருக்கும். ஒருமுறை உட்கார்ந்து களை எடுத்தால் சரி.

ஆலங்குளம்: ஏஎம்டி64 என்று வரும் இடத்தில் எல்லாம் ரிஸ்க்வி64 என்று மாற்ற ஒரு வரி ஸ்கிரிப்ட் போதாதா?

லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64-க்குச் சரியாக வரும். ஆர்ம்64-க்கும் வரும். ஆனால் கர்னல் பேக்கேஜின் வால் 32 பிட் ஆர்மான ஆர்ம்எச்எஃப்-இல் ஆர்ம்எம்பி, 32 பிட் இன்டெல்லான ஐ386-இல் டெபியன் 12 வரை 686. ஏஎம்டி பிராசசருக்கான ஃபர்ம்வேர் பேக்கேஜ் ஏஎம்டி64-மைக்ரோகோடில் இருக்கும் ஏஎம்டி64-ஐ மாற்றினால் உலகத்திலேயே இல்லாத ஒரு பேக்கேஜ் பிறக்கும். கிரப்-பிசி என்ற பூட்லோடர் பழைய பிசி பயாஸுக்கானது, ரிஸ்க்-வியில் அதற்கு வேலையே இல்லை. கர்னல், பூட்லோடர், ஃபர்ம்வேர் மூன்றையும் ஆர்க்கிடெக்சர் வாரியாக ஒரு சின்னக் கோப்பில் கையால் எழுதுங்கள். சில வரிதான் வரும், தானாகச் செய்து லாபம் இல்லை.

இதில் ஒரு பொறி. எல்லாவற்றையும் இழுத்துவரும் ஒரு மெட்டா பேக்கேஜ் செய்து, அதன் டிபெண்ட்ஸ் வரியில் சதுர அடைப்புக்குள் ஆர்க்கிடெக்சர் பெயரைப் போடுவது நல்ல வழி. ஆனால் அந்த மெட்டா பேக்கேஜின் ஆர்க்கிடெக்சர் 'எனி' (ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் தனித்தனியாக பில்ட் ஆவது) என்று இருக்க வேண்டும். உள்ளே கோடே இல்லையே என்று 'ஆல்' போட்டால், ஒரே கோப்பு எல்லா மெஷினுக்கும் போகும், பிரித்துக் கொடுக்க வழியில்லை.

சங்கரன்கோவில்: எந்தப் பேக்கேஜ் எந்த ஆர்க்கிடெக்சரில் இருக்கிறது என்பதை எங்கே பார்ப்பது?

ஆர்க்கைவில் இரண்டு அட்டவணை உண்டு. சோர்சஸ் என்ற கோப்பு மூலநிரல்களின் பட்டியல், எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் பொது. பேக்கேஜஸ் என்ற கோப்பு பில்ட் ஆகி முடிந்த பைனரிகளின் பட்டியல், ஆர்க்கிடெக்சருக்கு ஒன்று. சோர்சஸில் 'எனி' என்று இருந்தால் எங்கும் பில்ட் ஆக வேண்டும் என்று பராமரிப்பவர் ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். ஆனதா இல்லையா என்பதைப் பேக்கேஜஸ்தான் சொல்லும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வேலைப் பட்டியல். சோர்சஸில் பேக்கேஜ்-லிஸ்ட் என்றொரு புலம் இருக்கிறது. ஒவ்வொரு சோர்ஸில் இருந்தும் எந்தெந்த பைனரி, எந்தெந்த ஆர்க்கிடெக்சரில் வர வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். அதை விரித்து, லினக்ஸ்-எனி போன்ற பொதுப் பெயர்களை டிபிகேஜி-ஆர்க்கிடெக்சர் என்ற கருவி கொண்டு சரிபார்த்து, பேக்கேஜஸ் கோப்போடு ஒப்பிடுங்கள். பெயரை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், வெர்ஷனையும் பாருங்கள். புது சோர்ஸ் பில்ட் ஆகாமல் பழைய பைனரி அப்படியே உட்கார்ந்திருப்பது ரொம்ப சகஜம்.

மேலப்பாளையம்: தமிழ் எழுத்துருக்களையும் போர்ட் செய்யணுமா?

வேண்டாம். ஃபான்ட்ஸ்-லோஹித்-தம்ல் எழுத்துரு, படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்டின் தமிழ்த் தரவு, லிப்ரேஆபீஸ் தமிழ் மொழிக்கோப்பு எல்லாம் 'ஆல்' வகை. தட்டச்சுக்கான ஐபஸ்-எம்17என் மட்டும் பில்ட் ஆக வேண்டியது.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, லிஸ்டில் உள்ள எல்லாம் ஆர்க்கைவில் இருக்கிறது என்று ஸ்கிரிப்ட் சொல்கிறது. இமேஜ் செய்தால் மட்டும் உடைகிறதே? எங்களிடம் இருப்பது அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான், திரும்பத் திரும்ப இமேஜ் செய்து பார்க்க முடியவில்லை.

இருப்பது வேறு, இன்ஸ்டால் ஆவது வேறு. டிபெண்டன்சியின் டிபெண்டன்சி ஒன்று அந்த ஆர்க்கிடெக்சரில் இல்லாமல் போனாலும் மேலே உள்ளது நிற்காது. 'ஆல்' வகையும் இதில் மாட்டும்: கோப்பு இருக்கும், அது கேட்கும் பைனரி இருக்காது.

இதற்கு இமேஜ் செய்து பார்க்கவே வேண்டாம். டோஸ்-டெப்செக் என்ற கருவிக்குப் பேக்கேஜஸ் கோப்பைக் கொடுத்தால், எது எது இன்ஸ்டால் ஆகாது, எந்தக் கண்ணியில் அறுகிறது என்று காரணத்தோடு சொல்லும். இன்ஸ்டால் ஆகுமா என்ற கேள்வி பொதுவாக என்பி-முழுமை வகை, அதாவது மோசமான நிலையில் வெகுநேரம் இழுக்கக்கூடிய கணக்கு என்று நிரூபித்திருக்கிறார்கள். ஆனாலும் நிஜ ஆர்க்கைவில் இத்தகைய கணக்கைத் தீர்க்கும் சாட் சால்வர் புரோகிராம் வேகமாகவே முடித்துவிடுகிறது. டோஸ்-பில்ட்டெப்செக் அதன் தம்பி. அதற்குச் சோர்சஸ் கோப்பையும் கொடுத்தால், பில்ட் செய்யத் தேவையானவை கிடைக்குமா என்று பார்க்கும். ஒரு வரிகூட கம்பைல் ஆகாது. உங்கள் லேப்டாப் தாராளமாகத் தாங்கும். போர்டு கையில் இல்லாமலே ரிஸ்க்வி64-ஐயும் சோதிக்கலாம்.

வள்ளியூர்: எந்த வரிசையில் பில்ட் செய்வது? ஒன்றுக்கு இன்னொன்று வேண்டும் என்று வட்டமடிக்கிறது.

முதலில் ஒன்று கேட்கிறேன், நீங்கள் ஏன் எல்லாவற்றையும் பில்ட் செய்கிறீர்கள்? 2025 ஆகஸ்ட் 9-இல் வந்த டெபியன் 13 ட்ரிக்சியில் இருந்து ரிஸ்க்வி64 அதிகாரப்பூர்வ ஆர்க்கிடெக்சர். பைனரி எல்லாம் தயாராக இருக்கிறது. நீங்கள் மாற்றியமைத்த சில பேக்கேஜ்களை மட்டும் பில்ட் செய்தால் போதும். மொத்தத்தையும் நானே கம்பைல் செய்வேன் என்பது வீம்பு.

டெபியன் தொடாத ஆர்க்கிடெக்சர் என்றால்தான் வட்டம் உங்கள் தலைவலி. அங்கே பில்ட் புரொஃபைல்கள் கைகொடுக்கும். நோசெக் போட்டால் சோதனைக்கு மட்டும் தேவைப்படுபவை கழன்றுவிடும், நோடாக் போட்டால் ஆவணக் கருவிகள் கழன்றுவிடும். எங்கே வெட்டினால் வட்டம் அறும் என்று கணக்குப் போட்டு வரிசை தர பாட்ச் (botch) என்ற கருவித் தொகுப்பு இருக்கிறது. தன்னைத் தானே கம்பைல் செய்துகொள்ளும் ரஸ்ட், ஹாஸ்கெல் போன்றவற்றை வேறு மெஷினில் கிராஸ் கம்பைல் செய்துதான் கொண்டுவர வேண்டும். ரஸ்ட்தானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட முடியாது. எஸ்விஜி படங்களை வரையும் லிப்ஆர்எஸ்விஜி ரஸ்ட்டுக்கு மாறியதும், ரஸ்ட் இல்லாத போர்ட்களில் டெஸ்க்டாப்பே ஆட்டம் கண்டது. அவற்றுக்காகப் பழைய சி வடிவத்தை லிப்ஆர்எஸ்விஜி-சி என்று டெபியன் தனியாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

விக்கிரமசிங்கபுரம்: பில்ட் ஆகாதவற்றை ஸ்கிரிப்ட்டே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் என்ன?

அதை மட்டும் செய்யாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் மெஷினிடம் விடலாம், விலக்குப் பட்டியலை விடக்கூடாது. அதில் ஒருமுறை விழுந்த பேக்கேஜை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பில்ட் நிற்க ஆயிரம் காரணம். ஆடிக் காற்றில் கரண்ட் போயிருக்கும். போர்டில் மெமரி பத்தாமல் லிங்கர் செத்திருக்கும். மெதுவான போர்டில் டெஸ்ட் நேரம் தாண்டியிருக்கும். இவை பேக்கேஜின் குற்றம் இல்லை, திரும்ப ஓட்டினால் தீரும். இன்னொரு வகை நிஜமான பிழை. சி மொழியின் சார் வகை இன்டெல்லில் குறியுள்ளது (எதிர்ம எண்ணும் வரும்), ஆர்மிலும் ரிஸ்க்-வியிலும் லினக்ஸில் குறியற்றது. எழுத்தெழுத்தாகப் படிக்கும் கெட்சாரின் விடையைச் சாரில் வாங்கி, முடிவைக் குறிக்கும் -1 வருகிறதா என்று பார்க்கும் பழைய புரோகிராம் அங்கே முடிவில்லாமல் சுற்றும். இதைத் திருத்தி மூலத்துக்கு அனுப்ப வேண்டும், விலக்கக்கூடாது. மூன்றாவது வகைதான் விலக்குக்கு உரியது: இன்டெல்-மைக்ரோகோடை ரிஸ்க்-வியில் வைத்து என்ன செய்ய?

டெபியனின் பில்ட் வரிசையிலும் இவை தனித்தனி நிலைகள். நாட்-ஃபார்-அஸ் வேறு, ஃபெயில்ட் வேறு, வேறொன்றுக்காகக் காத்திருக்கும் டெப்-வெயிட் வேறு. நீங்களும் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு விலக்குக்கும் காரணம், தேதி, வெர்ஷன் மூன்றையும் எழுதுங்கள். புது வெர்ஷன் வந்ததும் ஸ்கிரிப்ட் அந்த விலக்கைத் தானாகத் தூக்கிவிட்டு மறுபடி முயலட்டும். 64 பிட்டில் மட்டும் ஓடும் என்பது போன்ற காரணங்களுக்கு விலக்குப் பட்டியலே தேவையில்லை. ஆர்க்கிடெக்சர்-இஸ்-64-பிட் என்ற பேக்கேஜைப் பில்ட்-டிபெண்ட்ஸில் போட்டால் 32 பிட் மெஷின்கள் தாமாக ஒதுங்கும்.

நாங்குநேரி: மற்ற டிஸ்ட்ரோக்களான ஃபெடோரா, ஆல்பைன் பக்கம் எப்படி?

ஃபெடோராவில் பேக்கேஜ் செய்யும் ஸ்பெக் கோப்பிலேயே, இன்ன ஆர்க்கிடெக்சர் மட்டும் என்று சொல்ல எக்ஸ்க்ளூசிவ்ஆர்ச், இன்னது வேண்டாம் என்று சொல்ல எக்ஸ்க்ளூட்ஆர்ச் இருக்கின்றன. எக்ஸ்க்ளூட்ஆர்ச் போட்டால் அதற்கு ஒரு பக் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி, நல்ல விதி. ஆல்பைனில் ஏபிகேபில்ட் கோப்பின் ஆர்ச் வரியில் ஆச்சரியக்குறி போட்டு விலக்குவார்கள்.

திசையன்விளை: தினமும் இரவு ஸ்கிரிப்டை ஓட விட்டிருக்கிறேன். ஒருநாள் காலையில் லிஸ்டில் டெஸ்க்டாப்பையே காணோம்!

ஆர்க்கைவ் பாதி மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்திருப்பீர்கள். டெபியனின் இன்னும் வெளியிடாத கிளைகளான டெஸ்டிங், அன்ஸ்டேபிளில் இது நடக்கும். விரித்த லிஸ்டை ஒவ்வொரு இரவும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் போடுங்கள். முந்தைய லிஸ்டோடு ஒப்பிட்டு, சீட் (விதை) கோப்பில் உள்ள பெயர் ஒன்று காணாமல் போனால் வெளியிடாமல் நிற்கட்டும். லைப்ரரி வந்து போவதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரே நாளின் ஆர்க்கைவை எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் எடுக்க டெபியனின் ஸ்னாப்ஷாட் தளம் இருக்கிறது. தேதியைக் குறிப்பிட்டு அதில் இருந்து எடுங்கள். ஏஎம்டி64-ஐ இன்றைக்கும் ரிஸ்க்வி64-ஐ நாளைக்கும் எடுத்து ஒப்பிட்டால், எந்த வித்தியாசம் ஆர்க்கிடெக்சரால் வந்தது, எது தேதியால் வந்தது என்று பிரிக்க முடியாது.

களக்காடு: கடை பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது, சோர்ஸ் கிடையாது, ஏஎம்டி64 டெப் கோப்பு மட்டும். ஆர்ம்64 லிஸ்டில் சேர்க்கலாமா?

கூடாது. வேறு பிராசசர் போல நடிக்கும் க்யூஎமு வழியாக ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் மெதுவாக இருக்கும், ஏஎம்டி64 லைப்ரரிகளையும் கூடவே இழுத்துவரும். சீட் கோப்பில் ஏஎம்டி64-க்கு மட்டும் என்று குறித்துவிட்டு, ஆர்ம்64 பதிப்பு வேண்டும் என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள்.