ஒரு நட்சத்திரம் பிறந்து சாவதை யாருமே முழுசாகப் பார்த்ததில்லை, பிறகு எப்படி அதன் கதையைச் சொல்கிறார்கள்?

ஒரே நட்சத்திரத்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வெவ்வேறு வயதில் இருக்கும் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். சூரியனுக்கு ஆயுள் சுமார் 1000 கோடி ஆண்டு, தொலைநோக்கி வந்தே 400 ஆண்டு சொச்சம்தான் ஆகிறது, வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த வரிசை சரி என்று எப்படித் தெரியும்? உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது, பதில் சொல்பவர்கள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நான் வானியல் படித்தவன் இல்லை, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவன். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு பிளாக் முனையிலும் நட்ட ஆண்டு எழுதிய பலகை நிற்கும். செம்பனையே பார்த்திராத ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று வந்தால் போதும்: நர்சரியில் கறுப்புப் பையில் கன்று, மூன்று வயதில் தரையோடு ஒட்டிக் குலை தள்ளும் மரம், நீளக் கம்பில் அரிவாள் கட்டினால்தான் குலை எட்டும் கிழட்டு மரம், 25 வயது தாண்டி மறுநடவுக்காகச் சாய்த்துப் போட்ட மரம். ஒரே காலையில் முழு ஆயுளையும் பார்த்துவிடலாம். இந்த ஒப்பீடு என் சொந்தச் சரக்கு இல்லை, வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1789-லேயே வானத்தை ஒரு தோட்டம் என்றுதான் எழுதினார் (அவர் மனதில் செம்பனை இருந்திருக்காது, சரி).

வானத்தில் அந்தப் பலகையின் வேலையைச் செய்வது நட்சத்திரக் கொத்து. ஒரே வாயு மேகத்திலிருந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை, நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பவை, நிறை மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு. ஒவ்வொன்றின் நிறத்தையும் பிரகாசத்தையும் அளந்து, நிறம் என்றால் வெப்பநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தால் பெரும்பாலானவை ஒரு பட்டையில் போய் விழும். ஹெர்ட்ஸ்பிரங், ரஸ்ஸல் என்ற இரண்டு வானியலாளர்கள் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியாகக் கண்டது இது. நிறை அதிகமான நட்சத்திரத்திடம் எரிபொருள் அதிகம் இருக்கும், செலவு அதைவிடப் பன்மடங்கு அதிகம், அதனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். சூரியனைப்போல் 10 மடங்கு நிறை என்றால் சில கோடி ஆண்டுகள்தான். ஆகவே கொத்துக்கு வயது ஏற ஏற, பட்டையின் பிரகாசமான முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று சிவப்புப் பக்கம் திரும்பும். எந்த இடத்தில் திரும்புகிறது என்று பார்த்தால் கொத்தின் வயது வந்துவிடும்.

இதை நீங்களே வெறும் கண்ணால் கொஞ்சம் பார்க்கலாம். தைப்பூசம் முடிந்து நிலா தேய்ந்த பிறகு, ஆலை விளக்கு படாத இடமாகப் போய் நின்றால், இரவு 9 மணிவாக்கில் எங்களுக்கு ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டம் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும். அதற்கு மேற்கே ரோகிணி நட்சத்திரம், அதைச் சுற்றிக் கவட்டை வடிவில் ஹயாடிஸ் கொத்து, இன்னும் மேற்கே கார்த்திகைக் கொத்து. கார்த்திகைக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டு, நீல நட்சத்திரங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. ஹயாடிஸுக்குச் சுமார் 65 கோடி. அதில் நான்கு நட்சத்திரங்கள் ஏற்கனவே ஊதிப்போய் ஆரஞ்சு நிற ராட்சதர்களாகிவிட்டன. சாதாரண பைனாகுலர் போதும், நிற வித்தியாசம் தெரியும். ரோகிணியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது 65 ஒளியாண்டில் நடுவழியில் நிற்கிறது, கொத்து இருப்பது சுமார் 150 ஒளியாண்டுக்கு அப்பால்.

"இதெல்லாம் அனுமானம்தானே" என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது 1987 பிப்ரவரி. பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. இப்படிச் சாகும் நட்சத்திரத்தின் மையப்பகுதி நொறுங்கும்போது வெளியேறும் ஆற்றலில் பெரும்பங்கு நியூட்ரினோ என்ற, எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளாகத்தான் போகும் என்று கணக்கு முன்பே சொல்லியிருந்தது. வெடிப்பின் வெளிச்சம் கண்ணில் படுவதற்குச் சில மணி நேரம் முன்னாலேயே ஜப்பானின் காமியோகா சுரங்கத்திலும் அமெரிக்காவிலும் இருந்த கருவிகளில் அவை விழுந்துவிட்டன. மொத்தம் இருபது சொச்சம் துகள். அது போதுமாக இருந்தது.

பிறப்பு பக்கம்தான் ரொம்ப நாள் இருட்டாகக் கிடந்தது. நட்சத்திரம் பிறக்கும் மேகம் மைனஸ் 260 பாகை செல்சியஸுக்கும் கீழே, உள்ளே தூசி, சாதாரண ஒளி ஊடுருவாது. அகச்சிவப்பும் வானொலி அலையும் ஊடுருவும். 2021 டிசம்பரில் ஏவிய ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்க்கிறது; சிலியில் 5000 மீட்டர் உயரத்தில் 66 ஆண்டெனாக்களோடு நிற்கும் அல்மா தொலைநோக்கி, மில்லிமீட்டர் அலைகளில் பார்க்கிறது. 2014-இல் அல்மா எடுத்த எச்.எல். டவ்ரி படத்தைத் தேடிப் பாருங்கள்: குழந்தை நட்சத்திரம், சுற்றிலும் தூசித் தட்டு, தட்டில் வட்டவட்டமாக இருண்ட பள்ளங்கள். கோள்கள் வழித்துக்கொண்டு போன தடம் என்பதுதான் பலரின் கருத்து, ஆனால் நட்சத்திரத்துக்கு வயது 10 லட்சம் ஆண்டுகூட இருக்காது என்பதால் இவ்வளவு சீக்கிரமா என்று துறையே மூக்கில் விரல் வைத்தது. பி.டி.எஸ். 70 என்ற இன்னொன்றில் பள்ளத்துக்குள் இரண்டு கோள்களையே நேரடியாகப் படம் பிடித்துவிட்டார்கள்.

நம் சொந்தச் சூரியக் குடும்பத்துக்கு மட்டும் கையில் பிடிக்கிற சாட்சி இருக்கிறது, விண்கல். 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே கல்லை அறுத்தால் சாம்பல் நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். இந்த மாதிரித் திட்டுகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து பார்த்தால் சுமார் 456.7 கோடி ஆண்டு வருகிறது. சூரியக் குடும்பத்தின் வயது என்று புத்தகத்தில் போடுவது பெரும்பாலும் இதைத்தான்.

அப்புறம் மற்ற நட்சத்திரங்களின் கோள்கள், இன்றைக்கு 5000-க்கும் மேல். சூரியனைப் போன்ற நட்சத்திரத்தைச் சுற்றுவதாக 1995-இல் மேயர், கெலோ என்ற வானியலாளர்கள் கண்டுபிடித்த முதல் பெரிய கோள் தன் நட்சத்திரத்தைச் சுமார் 4 நாளில் சுற்றிவிடுகிறது. அவ்வளவு சூட்டில் அத்தனை பெரிய வாயுக்கோள் உருவாவது கஷ்டம், ஆக கோள்கள் பிறந்த இடத்திலிருந்து நகரும் என்று கதையையே திருத்த வேண்டி வந்தது.

என் கணிப்பில் கோள் பிறக்கும் கதையில் இன்னும் பலவீனமான இடம் ஒன்று உண்டு. மில்லிமீட்டர் துகள் அல்மாவுக்குத் தெரிகிறது, முழுக்கோளும் தெரிகிறது, நடுவில் கூழாங்கல்லிலிருந்து சில கிலோமீட்டர் பாறை வரை ஒன்றுமே தெரியாது. கணக்கும் அங்கே முரண்டு பிடிக்கும்: ஒரு மீட்டர் அளவுப் பாறைகள் மோதினால் ஒட்டாமல் உடையும், உடையாவிட்டாலும் வாயு இழுத்து நட்சத்திரத்தில் தள்ளிவிடும். கூழாங்கற்கள் திரளாகச் சேர்ந்து தங்கள் ஈர்ப்பிலேயே ஒரேயடியாகக் குவிந்துவிடும் என்பது இப்போது செல்வாக்கான விளக்கம். 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கடந்துபோன அரோகோத் என்ற தொலைதூரச் சிறுபாறை இதற்குப் பக்கபலம். சுமார் 35 கிலோமீட்டர் நீளம், இரண்டு கட்டிகள் மெதுவாக ஒட்டிக்கொண்டது போல, பலமாக மோதிய நசுங்கல் எதுவும் இல்லை. ஒரே ஒரு உதாரணம்தான், அதனால் நான் இன்னும் முழுசாக நம்பவில்லை, ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் இதில்தான் கட்டுவேன்.