வண்ண முட்டை இடும் கலப்புக் கோழிகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டெக்சாஸில் ஒரு தீவனக் கடையில் 'அமெரௌகானா' என்று சொல்லி விற்ற 4 குஞ்சுகள் இப்போது முட்டை வைக்கின்றன. மூன்று பச்சை முட்டை, ஒன்று இளஞ்சிவப்பு. தாடி இருக்கிறது, கால் பச்சை. அசல் இனம்தானா?

பதில்: இல்லை, இவை ஈஸ்டர் எக்கர். அது இனத்தின் பெயரல்ல. நீல முட்டை ஜீன் கலந்த கோழிகளைப் பொதுவாக அப்படி அழைக்கிறார்கள். 1984-ல் அமெரிக்கக் கோழி இனத் தரப்பட்டியலில் சேர்ந்த அமெரௌகானாவுக்குத் தாடி (அலகுக்குக் கீழே இறகுக் கொத்து), கன்னத்து இறகு, பட்டாணிக் கொண்டை, சிலேட்டு நிறக் கால், நீல முட்டை எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும். உங்கள் கோழிகளைக் காட்டிக்கொடுப்பது கால். மஞ்சள் தோலுக்கு அடியில் கருமை இருந்தால் கால் பச்சையாகத் தெரியும். மஞ்சள் தோல் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இரு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். ஆக, இரு பக்கமும் கலப்பு. இளஞ்சிவப்பு முட்டைக்காரிக்கு நீல ஜீன் வரவே இல்லை.

கேள்வி: பச்சை முட்டையில் நீல ஜீன் இருப்பதை எப்படி உறுதி செய்வது?

பதில்: ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். முட்டையை உடைத்து, ஓட்டை ஈரமாக வைத்துக்கொண்டு உள்சவ்வைக் கட்டைவிரலால் முழுக்க உரித்தெடுங்கள். பகல் வெளிச்சத்தில் உள்ளே வெளிர்நீலம் தெரிந்தால் நீல ஜீன் உண்டு. நீலம் ஓடு முழுவதும் ஊறியிருக்கும். பழுப்பு கடைசியில் மேலே பூசப்படுவது. நீல ஓட்டின்மேல் பழுப்பு ஏறினால் பச்சை, அடர்பழுப்பு ஏறினால் ஆலிவ். தவறு நேர்வது இரண்டு இடத்தில்: சவ்வை உரிக்காமல் பார்ப்பது (எல்லாம் வெள்ளையாகத் தெரியும்), மஞ்சள் பல்பின் அடியில் பார்ப்பது.

கேள்வி: விடைக்கோழி முட்டை வைக்கும் முன்பே சொல்ல முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். இறகு நிறத்தைக் கடைசியில் பாருங்கள், முதலில் கொண்டை. பட்டாணிக் கொண்டை என்பது மூன்று தாழ்ந்த வரிசையாகத் தலையோடு ஒட்டியிருப்பது. அதன் ஜீனும் நீல முட்டை ஜீனும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. நூற்றுக்கு 3 முதல் 5 தடவைதான் பிரியும். அதனால் அமெரௌகானா வழிக் கலப்பில் ரம்பம் போன்ற ஒற்றைக் கொண்டையோடு வரும் பெட்டை பெரும்பாலும் நீலமோ பச்சையோ வைக்காது.

இந்த விதி நீல முட்டை இடும் இன்னொரு இனமான கிரீம் லெக்பார் வழியில் செல்லாது. அங்கே நீல ஜீன் ஒற்றைக் கொண்டையோடுதான் வருகிறது. தலையில் இறகுக் குடுமி இருந்தால் அந்த வழியா என்று யோசியுங்கள். பச்சை முட்டையோடு காலில் இறகு இருந்தால் அடர்பழுப்பு முட்டை இடும் மாரான்ஸ் இனம் கலந்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் ஊர் அசிலுக்கும் பட்டாணிக் கொண்டை இருக்கிறதே ஐயா, நீல முட்டை வருமா?

பதில்: வராது. கொண்டை தனியாக எதையும் சொல்லாது. நீல முட்டை இடும் மூதாதையோடு சேர்ந்து வந்தால்தான் அது அடையாளம். காது மடலும் அப்படித்தான்: சிவப்பு மடல் என்றால் பழுப்பு முட்டை என்பார்கள், ஆனால் அமெரௌகானாவுக்கு மடல் சிவப்பு, முட்டை நீலம்.

கேள்வி: ஒரே கோழி ஒரு நாள் நீலமும் மறுநாள் பழுப்பும் வைக்குமா?

பதில்: வைக்காது. அடிநிறம் ஆயுள் முழுக்க ஒன்றே. மேல்பூச்சுதான் மாறும்: தொடர்ந்து முட்டை வைக்க வைக்க வெளிறும், இறகு உதிர்த்து ஓய்ந்த பின் மறுபடி அடரும். ஓட்டின்மேல் உள்ள வெண்சாம்பல் படலம் தடித்தால் ஊதா போலவும் தெரியும். ஒரே ஒரு முட்டையை வெதுவெதுப்பான நீரில் கழுவிப் பாருங்கள். மற்றவற்றைக் கழுவாதீர்கள், அந்தப் படலம்தான் கிருமியைத் தடுக்கிறது.

எது யாருடையது என்று குழப்பமா? மாலையில் ஒவ்வொரு கோழிக்கும் முட்டை வெளிவரும் துவாரத்தைச் சுற்றி வெவ்வேறு நிற உணவுச் சாயம் தடவுங்கள். அடுத்த முட்டையில் கோடு விழுந்திருக்கும்.

கேள்வி: சேவலுக்கு நீல ஜீன் இருக்கிறதா?

பதில்: வெள்ளையோ பழுப்போ வைக்கும் பெட்டையோடு சேர்த்துக் குஞ்சு எடுங்கள். 6 மகள்களும் நீலமோ பச்சையோ வைத்தால் சேவலுக்கு இரட்டை ஜீன் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தது) என்று நம்பலாம். ஒற்றை ஜீனோடு அப்படி அமைய 64-ல் 1 வாய்ப்புதான். ஒரே ஒரு மகளின் உள்ஓடு வெள்ளையாக வந்தாலும் இரட்டை இல்லை.