தலையணைக்கு அடியில் ஒரு தெர்மாமீட்டர்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு ஏழு வயது. நான்கு மாதத்துக்கு முன் அவனுக்கு இரத்தப் புற்றுநோய், லுக்கேமியா, என்று சொன்னார்கள். முதல் மாத கீமோ முடிந்து எலும்பு மஜ்ஜையைச் சோதித்த டாக்டர், 'ரெமிஷன்' வந்துவிட்டது, ஆனாலும் இரண்டு வருடத்துக்கு மேல் சிகிச்சை தொடர வேண்டும் என்றார். எங்கள் சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. கர்த்தர் முழு சுகம் கொடுத்துவிட்டார், கீமோ விஷம், இனியும் கொடுத்தால் அவிசுவாசம் என்கிறார் பாஸ்டர். என் கணவர் மகனை மேடையில் நிறுத்தி, சுகமாகிவிட்டான் என்று சாட்சி சொன்னார். அதன் பிறகு இரண்டு அப்பாயிண்ட்மெண்டுக்குப் போகவில்லை. தாதி போன் செய்தபோது கம்போங்கில், கிராமத்தில், இருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். கணவர் நல்லவர், குடிப்பழக்கம் இல்லை, பிறை ஊரில் தொழிற்சாலை வேலை. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வேதம் சொல்கிறதே, அவரை மீறிப் பிள்ளையைக் கூட்டிப்போனால் பாவமா? மகனுக்கும் விசுவாசம் அதிகம். போன வாரம் உடம்பு சுட்டபோது தெர்மாமீட்டரைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டான். "அப்பா சாட்சி சொல்லிட்டாரும்மா" என்கிறான். மறுநாள் சரியாகிவிட்டது.

— பட்டர்வொர்த் வாசகி

தங்கச்சி, கீழ்ப்படிதலைப் பற்றி அப்புறம் பேசலாம். கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, அந்தத் தெர்மாமீட்டர், அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மகனுடைய விசுவாசத்துக்கு அத்தாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியை நாலு தடவை படித்தேன். ஏழு வயதுப் பிள்ளை, உடம்பு கொதிக்கும்போது, "அம்மா" என்று கூப்பிடவில்லை. காய்ச்சலைக் காட்டிக்கொடுக்கிற பொருள் எது என்று யோசித்து, அதை எடுத்து, தலையணைக்கு அடியில் வைத்து, அதன் மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறான். இது விசுவாசம் என்று உங்களுக்கு யார் சொன்னது? பிள்ளை பயந்து போயிருக்கிறான். தனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் சபைக்கு முன்னால் அப்பா பொய்யராகிவிடுவார் என்று பயப்படுகிறான். அப்பாவின் மானத்தைத் தன் உடம்பை வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறான். இந்தச் சுமையை அவன் தலையில் ஏற்றியது நீங்கள் இரண்டு பேரும்தான்.

ஆமாம், இரண்டு பேரும். தாதியிடம் கம்போங் என்று பொய் சொன்னது உங்கள் வாய். பக்கத்தில் நின்ற பிள்ளை அதைக் கேட்டிருப்பான். நம் வீட்டில் நோயை மறைக்க வேண்டும் என்று அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று நினைக்கிறீர்கள்?

கீமோ எடுக்கும் பிள்ளையின் உடம்பில் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். நமக்கு ரெண்டு நாள் படுத்து எழுந்தால் போய்விடுகிற தொற்று, அவனுக்குச் சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி உயிரை எடுத்துவிடும். அதனால்தான் 38 டிகிரியைத் தொட்டாலே, நடுச்சாமமானாலும், நேராகப் புறப்பட்டு வாருங்கள் என்று வார்டில் சொல்லி அனுப்புகிறார்கள். பெனடோல் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் உட்காரக் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும். கீமோவை நிறுத்திச் சில வாரம் ஆகிவிட்டதே என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். நோய் திரும்பும்போதும் காய்ச்சலாகத் தலைகாட்டலாம். போன வாரம் பிள்ளை பிழைத்தது தேவ இரக்கம். அதை மறுபடியும் பரீட்சை பார்க்காதீர்கள்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. பூசாரி சொன்னார், பாஸ்டர் சொன்னார், மூலிகை வைத்தியர் சொன்னார் என்று ஆள்தான் மாறும். எல்லாவற்றிலும் 'ரெமிஷன்' என்ற சொல்லில்தான் வழுக்கி விழுகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மஜ்ஜையில் புற்று அணுக்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டன என்பதுதான் அதற்கு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாமல் உடம்பில் இன்னும் கோடிக்கணக்கில் இருக்கலாம். உங்கள் தாத்தா பாட்டி தோட்டப்புறத்தில் இருந்தவர்கள் என்றால் லாலான் புல்லைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். மேலே வெட்டினாலும் கொளுத்தினாலும் வேர் மண்ணுக்குள் கிடக்கும், ஒரு மழைக்கு மறுபடியும் தலைதூக்கும். இரண்டு மூன்று வருடம் மருந்து கொடுப்பது அந்த வேருக்காக. நடுவில் விட்டால் நோய் திரும்பும், திரும்பி வந்ததை அடக்குவது முதல் தடவையைவிட மிகக் கடினம். முழுச் சிகிச்சையையும் முடிக்கிற பிள்ளைகளில், நல்ல மருத்துவமனைகளில், பத்தில் எட்டு ஒன்பது பேர் இன்று பிழைக்கிறார்கள். உங்கள் மகன் அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் நன்றாக நடந்துவிட்டவன். அவனை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறீர்கள்.

விஷம் என்கிறாராம் பாஸ்டர். கடுமையான மருந்துதான். முடி கொட்டும், வாய் புண்ணாகும், முகம் ஊதும், பிள்ளை படுகிற பாட்டைப் பார்க்கிற தாய்க்கு வயிறு எரியும். ஆனால் அவன் கையில் ஏற்றிய வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நம் வீட்டு வேலியோரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கிறதே, அதே செடி. அந்தச் செடியைப் படைத்தவர் யார் என்று உங்கள் பாஸ்டரிடம் கேளுங்கள். 1948இல் போஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர்தான் இந்த நோயுள்ள பிள்ளைகளை முதல்முறையாக ஒரு மருந்தால் கொஞ்ச காலமாவது மீட்டுக் காட்டினார். அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு மரணம் ஒன்றுதான் முடிவு. அந்த மருந்தை உருவாக்கிக் கொடுத்த குழுவுக்குத் தலைவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அதிலிருந்து வந்த மெதோட்ரெக்சேட்டைத்தான் இன்றைக்கும் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

நான் ஜெபத்தை இளப்பமாக நினைக்கிறவள் இல்லை. ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள்தான். ஆனால் மருந்து அவிசுவாசம் என்றால், நீங்கள் இருக்கிற இதே பினாங்கில் 1924இல் அட்வென்டிஸ்ட் சபையார் ஏன் மருத்துவப் பணி தொடங்கினார்கள்? 1976இல் கன்னியாஸ்திரிகள் புற்றுநோய்க்கென்றே மவுண்ட் மிரியத்தை ஏன் எழுப்பினார்கள்? எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருடம் ஆயுசைக் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் பற்றுப்போடச் சொன்னாரே!

யவீருவின் மகளை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பெண். இயேசு அவளை எழுப்பிவிட்டுச் சொன்னது இரண்டே விஷயம். இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்றார். அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். செத்துப் பிழைத்த பிள்ளையை வைத்து அவர் கூட்டம் கூட்டவில்லை. அவள் வயிற்றைப் பார்த்தார். உங்கள் வீட்டில் என்ன நடந்தது? பிள்ளையை மேடையில் ஏற்றினீர்கள். இப்போது அவன் அந்த மேடையிலிருந்து இறங்க முடியாமல் தவிக்கிறான்.

சரி, கீழ்ப்படிதல். குடும்பத்துக்குக் கணவன் தலை என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறவள்தான், ஐம்பது வயது தாண்டியவள், பழைய காலத்துப் புத்தி. ஆனால் நாபாலின் மனைவி அபிகாயிலை வேதத்தில் படித்திருப்பீர்கள். கணவனுடைய மதிகேட்டால் வீட்டுக்கே அழிவு வரும் என்று தெரிந்ததும், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கழுதைகளில் அப்பத்தையும் அத்திப்பழ அடைகளையும் ஏற்றிக்கொண்டு தாவீதைச் சந்திக்கப் புறப்பட்டாள். வேதம் அவளைப் புத்திசாலி என்றுதான் சொல்கிறது. பிள்ளையின் உயிர் கணவனுடைய சொத்துமில்லை, சபையின் சொத்துமில்லை. வளர்ந்த மனிதன் தன் விசுவாசத்துக்காகத் தன் மருந்தை மறுத்தால் அது அவன் கணக்கு. ஏழு வயதுப் பிள்ளைக்காக அந்தக் கணக்கைப் போட யாருக்கும் உரிமை இல்லை. நம் மலேசிய நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, தேவையான சிகிச்சையைப் பெற்றோர் மறுத்தாலோ அலட்சியப்படுத்தினாலோ அந்தப் பிள்ளை பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளை. சமூகநல இலாகா தலையிடலாம். அவர்கள் வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் காத்திருக்கப் போகிறீர்களா?

சிகிச்சையை நிறுத்துவது எப்போதுமே பாவம் என்று நான் சொல்லவில்லை. இனி மருந்து உதவாது, வேதனைதான் மிச்சம் என்று டாக்டர்களே சொல்கிற நிலை சில பிள்ளைகளுக்கு வருகிறது. அப்போது ஊசியை நிறுத்தி, வலியைத் தணித்து, மடியில் வைத்துக்கொள்வதும் அன்புதான். அளவுக்கு மீறிய சிகிச்சை கட்டாயமில்லை என்று 1957இலேயே போப் 12ஆம் பயஸ் மருத்துவர்களிடம் பேசியிருக்கிறார். உங்கள் மகன் நிலைமை அது இல்லை. அவனுக்கு மருந்து கேட்கிறது.

நாளைக்குக் காலையில் வார்டுக்குப் போன் செய்யுங்கள். அப்பாயிண்ட்மெண்ட் அட்டையில் நம்பர் இருக்கும். கம்போங் கதையைத் திரும்பச் சொல்லாதீர்கள். இரண்டு தடவை வரவில்லை, போன வாரம் காய்ச்சல் இருந்தது, வீட்டில் பிரச்சினை என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருப்பார், அவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கணவரை டாக்டர் முன்னால் உட்காரவைத்து, அவர் கேள்வியெல்லாம் அங்கேயே கேட்கட்டும். பாஸ்டரும் வரட்டும், மேடையில் சொன்னதை டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கணவர் வர மறுத்தால் நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். தடுத்தால் 15999க்கு, தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசிக்கு, அடியுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கு ராத்திரி. அந்தத் தெர்மாமீட்டரை எடுத்து, அவன் மைலோ குடிக்கிற மேசையில், அவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, காய்ச்சல் வந்தால் அவன் மேல் தப்பில்லை, அப்பா மேலும் தப்பில்லை, சாமி கோபித்துக்கொள்ளவும் மாட்டார் என்று சொல்லுங்கள். உடம்பு சுட்டால் முதலில் அம்மாவை எழுப்பணும் என்று சொல்லுங்கள். அப்புறம் அவன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.