பனி தாங்கும் செம்பருத்தி நம் வெயிலைத் தாங்குமா?

கேள்வி: ஐயா, வணக்கம். புதுவயல் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். கோட்டையூரில் எங்களிடம் வழக்கமாகச் செடி வாங்கும் ஆச்சி ஒருவரின் மகள் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே அவர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும் செம்பருத்தி நிற்கிறது. மைனஸ் முப்பது டிகிரி குளிரிலும் சாகாத புது ரகமாம். படம் இணைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது விதையும் நாலு குச்சியும் கொண்டு வருகிறேன் என்கிறார். ஆச்சி தன் வீட்டுக்கு ஐம்பது செடி கேட்டு முன்பணம் தரத் தயாராக இருக்கிறார். கானாடுகாத்தானில் பழைய வீடுகளை ஓட்டலாக நடத்துகிறவர்களும் வாங்குவார்கள் போலத் தெரிகிறது. அவ்வளவு குளிரைத் தாங்கும் செடி நம் வெயிலையும் தாங்கத்தானே செய்யும்? உற்பத்தியில் இறங்கலாமா?

பதில்: முன்பணம் வாங்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

படத்தில் இருப்பது ஹைபிஸ்கஸ் மாஸ்கூட்டோஸ் வழி வந்த கலப்பினம். நம் வேலியோரச் செம்பருத்தியும் அதுவும் ஒரே பேரினம். பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்துப் பங்காளிகள். ஆனால் வளர்ந்த இடம் வேறு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சதுப்பு நிலத்திலும் ஓடைக்கரையிலும் தானாக முளைத்துக் கிடந்த செடி அது. அதையும் அதன் நெருங்கிய இனங்களையும் இனக்கலப்புச் செய்து, குள்ளமாக, பெரிய பூவாக, கருஞ்செம்பு நிற இலையோடு பல ரகங்களை எடுத்திருக்கிறார்கள். பூ இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் அகலம் வருவது உண்மைதான். அந்த அம்மாள் மிகைப்படுத்தவில்லை. ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான் நிற்கும், நம் செம்பருத்தி மாதிரியே.

குளிரை அது எப்படித் தாங்குகிறது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். தண்டும் இலையும் குளிரைத் தாங்குவதே இல்லை. முதல் கடும் பனி விழுந்ததும் மேலே இருப்பதெல்லாம் கருகி, தரைமட்டம் வரை செத்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கட்டை மட்டும் தூங்கிக் கிடந்து, மே மாதவாக்கில் மண் நன்றாகச் சூடேறிய பிறகு புதுத் தளிர் விடும். நம் வேலிகளில் செங்காந்தள் கோடையில் மறைந்து மழைக்குத் தலைகாட்டுகிறதே, அதே வித்தைதான், பருவம் மட்டும் தலைகீழ். ஆக, குளிரிலிருந்து தப்பிக்கத் தெரிந்த செடி அது. அந்தத் திறமைக்குச் செட்டிநாட்டில் வேலை ஏது? மார்கழி விடியற்காலையில் கூட நமக்குப் பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

அந்த ஊர்ச் செடிகளோடு வரும் அட்டையில் 4–9 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். ஓர் ஊரில் வருஷத்தில் மிக அதிகமாக எவ்வளவு குளிரும் என்பதை வைத்து அமெரிக்க வேளாண்மைத் துறை பிரித்த 13 மண்டலங்களின் எண்கள் அவை. முதல் எண்ணைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், விளம்பரமும் அதை வைத்துத்தான். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண், அதாவது அந்தச் செடி நன்றாக வரும் மிக வெதுவெதுப்பான மண்டலம். ஒன்பதாம் மண்டலம் என்றால் குளிர்காலத்தில் ஒருமுறையாவது உறைநிலைக்குச் சற்றுக் கீழே போகும் ஊர். அந்தக் கணக்கில் செட்டிநாடு கடைசி மண்டலத்தை ஒட்டி வரும். இன்னொன்று, இந்த மண்டலக் கணக்கு குளிரை மட்டும்தான் சொல்லும். சித்திரை வெயில், ராத்திரிப் புழுக்கம், உப்புத் தண்ணீர் எதைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை கிடையாது.

வெயிலைப் பொறுத்தவரை அந்தச் செடிக்குச் சூடு பிடிக்கும், அதனால் மட்டும் சாகாது. நான் தயங்குவதற்கு முக்கியமான காரணம் பகல் நீளம். இந்த இனம் பகல் நீண்டால்தான் மொட்டுக் கட்டும். இதில் பல நல்ல ரகங்கள் உருவான நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜூன் மாதம் பகல் பதினைந்து மணி நேரம் ஓடுகிறது. காரைக்குடியில் ஆனி மாதத் தொடக்கத்தில், வருஷத்தின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. எருவும் தண்ணீரும் கொடுத்தால் செடி இலையாகத் தழைத்து நிற்கும். வாங்கிப் போனவர் ஆறு மாதம் பார்ப்பார், அப்புறம் உங்கள் கடைக்கு வருவார். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் சாமந்தி வளர்க்கிறவர்கள் பூவைத் தள்ளிப்போட ராத்திரியில் பல்பு எரிப்பார்கள். சாமந்தி குறும்பகல் பயிர், விளக்கு எரிந்தால் பூக்காது. இதற்கு நேர்மாறாக இந்தச் செடிக்கு விளக்கு எரித்துப் பூக்கவைக்கப் பார்க்கலாம். ஒரு செடிக்கு ஆசைக்காகச் செய்யலாம். ஐம்பது செடிக்கு ஆச்சி வீட்டில் யார் தினமும் விளக்குப் போடுவது?

அடுத்தது தண்ணீர். சதுப்பு நிலத்துச் செடிக்கு வேர் காயவே கூடாது. நம்முடையதோ செம்மண் சரளை, ஒரு முழம் தோண்டினால் செம்புராங்கல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. பங்குனியிலிருந்து ஆடி வரை தினம் இரண்டு வேளை ஊற்றினாலும் மத்தியானம் இலை தொங்கும். ஆடிக்காற்று வேறு அகல இலையைக் கிழித்துவிடும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் இலை ஓரம் கருகும். உங்கள் தண்ணீரின் உப்பு அளவையும் கார அமிலத் தன்மையையும் எப்படியும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், எந்தச் செடி வளர்த்தாலும் உதவும். எங்கே கொடுப்பது என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

குச்சி கொண்டு வருவது பற்றி: வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நடவுக்காக வெளிநாட்டிலிருந்து வரும் விதை, குச்சி, செடி எதுவானாலும் 2003ஆம் ஆண்டின் பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணைக்குக் கட்டுப்பட்டது. இங்கே முன்கூட்டி வாங்கிய இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசு தரும் பயிர் நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டிக்குள் புடவை மடிப்பில் வைத்துக் கொண்டு வருவது பாசமாக இருக்கலாம், குற்றமும்தான். இது வெறும் காகிதச் சட்டமில்லை. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்டது. வெளியிலிருந்து வந்த பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்குப் பகுதியையே வெளுக்க வைத்தது. 2010இல் அதன் இயற்கை எதிரியான சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தப் பூச்சிக்குச் செம்பருத்தியும் பிடித்த இரை. முறையாக அனுமதியோடு விதை வந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு: கலப்பின விதையில் முளைக்கும் செடி தாயைப் போல இருக்காது. படத்தில் உள்ள பூவைக் காட்டி விற்றுவிட்டு வேறு பூவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

சரி, ஆச்சிக்கு வேண்டியது பெரிய பூ. அதற்கு வழி இருக்கிறது. நம் செம்பருத்தியிலேயே பெரிய பூக் கலப்பினங்கள் வந்துவிட்டன. ஒரு சாண் அகலம் வரை, மஞ்சள், ஆரஞ்சு, இரண்டு நிறம் கலந்தது என்று பெங்களூரு, புனே நர்சரிகளில் கிடைக்கும். அந்த ஓட்டல்காரர்களுக்கும் இதுதான் சரி, ஏனென்றால் அவர்களுக்கு வருஷம் முழுக்கப் பூ வேண்டும். ஆனால் இவற்றின் சொந்த வேர் பலவீனம். நாட்டுச் சிவப்பு ஒற்றையடுக்கின் வேரில் ஒட்டுக் கட்டினால்தான் நம் மண்ணில் நிற்கும். தாய்ச்செடி நாலைந்து நிறத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் போதும், வேர்ச்செடி உங்கள் ஊர் வேலியிலேயே இருக்கிறது.

நாட்டுச் செம்பருத்திக் குச்சியைப் புரட்டாசியில் ஒடியுங்கள். ஆடி, ஆவணியில் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். கார்த்திகை அடைமழையில் அடி அழுகும். பென்சில் கனம், முற்றியும் முற்றாமலும் இருக்கும் கிளை, ஒரு சாண் நீளம், அதில் மூன்று கணுவாவது இருக்கட்டும். அடியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலையை விட்டு மற்றதை எடுத்துவிட்டு, அந்த இரண்டையும் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள். வேர் பிடிக்க விற்கும் பொடியில் அடியைத் தொட்டு, ஆற்று மணலும் தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்த பையில் நட்டு, நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். ஒன்றரை மாதத்தில் வேர் பிடித்துவிடும். தண்டு சுண்டுவிரல் கனத்துக்கு வந்ததும் தலையை வெட்டி, நடுவே கத்தியால் பிளந்து, அதே கனமுள்ள கலப்பினக் குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவிச் செருகுங்கள். ஒரு பக்கமாவது தோலும் தோலும் ஒட்டி நிற்க வேண்டும். அங்கே பிசகினால் ஒட்டுப் பிடிக்காது. பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே ஐஸ்குச்சிப் பையை (குச்சி ஐஸ் போடும் ஒல்லியான பாலித்தீன் உறை) கவிழ்த்துவிடுங்கள். தளிர் பையைத் தொடும்போது சாயங்கால நேரமாகப் பார்த்து எடுக்கலாம்.

ஆச்சி வீட்டுப் பின்கட்டில் இடம் தாராளமாக இருந்தால் ஸ்தலபத்மம் என்று வடக்கே சொல்லும் ஹைபிஸ்கஸ் மியூட்டாபிலிஸ் இரண்டு வையுங்கள். காலையில் வெள்ளையாக விரிந்து, மத்தியானம் ரோஜா நிறமாகி, பொழுது சாயும்போது சிவந்துவிடும். அடுக்குப் பூ, கை நிறைய இருக்கும். ஆள் உயரத்துக்கு மேலே போகும், அதனால் முகப்பை ஒட்டி வைக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மகள் ஆசையாக முறைப்படி விதை வரவழைத்தால், ஒரே ஒரு தொட்டியில் போட்டுப் பார்க்கலாம், விலை பேசாமல். விதைத் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாக உரசி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். தொட்டியை இரண்டு விரல் ஆழத் தண்ணீர் நிற்கும் தட்டில் வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள். டெங்குக் கொசு வளர்த்த பெயர் நமக்கு வேண்டாம்.

கலப்பினச் செம்பருத்தியில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவது இரண்டு தொல்லை. போர்த் தண்ணீர் காரமாக இருந்தால் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச்சத்துக் குறைவு அது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை தெளியுங்கள். டிஏபி அள்ளிப் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அதில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிஞ்சினாலும் இதே வெளுப்பு வரும், செம்பருத்திக்குச் சாம்பல் சத்துதான் (பொட்டாஷ்) அதிகம் தேவை. இன்னொன்று மாவுப்பூச்சி. நுனித் தளிர் சுருண்டு வெள்ளையாகத் தெரிந்த அன்றைக்கே அந்த நுனியை ஒடித்து எரித்துவிடுங்கள். எறும்பு ஏறுகிறதா பாருங்கள், எறும்புதான் அதைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போகும். மருந்து அடிக்கத் தோன்றினால் முதலில் வேப்பெண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடுமையான மருந்து, மாவுப்பூச்சியை அடக்குகிற அந்த ஒட்டுண்ணிக் குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

ஒட்டுச்செடி விற்கும்போது ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை உடனே கிள்ளிவிட வேண்டும் என்று வாங்குகிறவரிடம் கையில் காட்டிச் சொல்லி அனுப்புங்கள். சொல்லாவிட்டால் இரண்டு வருஷத்தில் நாட்டுச் சிவப்பு மேலேறிவிடும், மஞ்சள் பூ என்று வாங்கினோம் சிவப்பாகப் பூக்கிறதே என்று உங்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள்.