ஸ்போர்ட்ஸ் பைக்கில் இசியூ எங்கே இருக்கும்? நானே கழற்றி மாற்றிவிடலாமா?

ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் மங்கி வண்டி நின்றுவிடுகிறது, அப்புறம் செல்ஃப் எடுப்பதில்லை, மெக்கானிக் பார்த்துவிட்டு 'இசியூ போச்சு' என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இசியூ, அதாவது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், எங்கே என்பதற்குப் பதில் சுலபம். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் ஓட்டுபவர் சீட்டுக்கு அடியிலோ வால் பகுதியிலோ இருக்கும், சிலவற்றில் டேங்குக்கு அடியில் ஏர் பாக்ஸை ஒட்டி இருக்கும். உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டி, கத்தையாக ஒயர்கள் உள்ளே போகும். ஏபிஎஸ் யூனிட்டிலும் ஒயர்கள் நிறையப் போகும், ஆனால் அதில் பிரேக் பைப்புகளும் சேர்ந்திருக்கும், அதனால் குழப்பம் வராது.

ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இசியூவைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன். ஸ்டார்ட் ஆகாத எந்த ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் 'இசியூ' என்று சொல்லிவிடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. உள்ளே ஓடித் தேய்கிற பாகம் எதுவும் அதில் கிடையாது. தண்ணீர் புகுந்தாலோ, பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலோ, வோல்டேஜ் கட்டுமீறிப் போனாலோதான் அது பெரும்பாலும் சாகும். மீட்டர் மங்குகிறது என்றால் வண்டிக்குக் கரண்ட் போதவில்லை. அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

முதல் சந்தேகம் ஆர்ஆர் யூனிட், அதாவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். இஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் காயில் மூன்று பேஸ் ஏசி கரண்ட் தருகிறது. அதை டிசியாக்கி, 14 வோல்ட் சொச்சத்தில் கட்டி வைப்பது இதன் வேலை. நிறைய வண்டிகளில் வருவது ஷன்ட் வகை. வண்டிக்குத் தேவைப்படாத கரண்டை அது காயிலுக்கே ஷார்ட் செய்து திருப்பிவிடும், அதனால் எப்போதும் சூட்டிலேயே கிடக்கும். 'லோடு குறையட்டும்' என்று எல்இடி பல்பு போட்டால் இதற்கு ஓய்வு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஷன்ட் வகையில் நடப்பது நேர்மாறு: பல்பு எடுத்துக்கொள்ளாத கரண்டையும் இதுதான் சுற்றிவிட வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒயரைப் பின்தொடர்ந்தால் போதும். ஆல்டர்னேட்டர் கவரிலிருந்து (ஜப்பானிய நாலு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் இடது பக்கம்) ஒரே நிறத்தில் மூன்று தடித்த ஒயர்கள் வரும், பொதுவாக மஞ்சள் அல்லது வெள்ளை. அவை ஒரு கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் பிளக்) சேர்ந்து, அலுமினிய ஃபின் வைத்த கட்டியான ஒரு யூனிட்டுக்குப் போகும். அதுதான். சில வண்டிகளில் காற்றே படாத வால் பகுதியில் இதை வைத்திருப்பார்கள். யோசித்து வைத்த இடமாக எனக்குத் தெரியவில்லை.

மல்டிமீட்டர் வைத்து அளக்கும் முன் அந்தக் கப்ளரைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று முள்ளில் இரண்டு பளிச்சென்று இருக்க, ஒன்றைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் டீக்கறை மாதிரி பழுப்பேறியிருக்கும். அந்த முள்ளின் பிடி தளர்ந்திருக்கும், ஒயரின் உறை விறைத்து, வளைத்தால் நொறுங்கும். இப்படி இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. இந்தக் கப்ளரை அப்படியே வைத்துக்கொண்டு புது யூனிட்டை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

அடுத்து அளவுகள். வண்டி ஓடாமல் சில மணி நேரம் கிடந்த பேட்டரியில் 12.6 வோல்ட்டாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், செத்த பேட்டரியை வைத்துச் செய்யும் எந்தச் சோதனையும் பொய் சொல்லும். ஸ்டார்ட் செய்து 5000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் பாருங்கள். 13.8-இலிருந்து 14.5 வரை வந்தால் சார்ஜிங் சரி. 15-ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, உடனே அணையுங்கள், இசியூவையே சாகடிப்பது இந்த நிலைதான். 12 சொச்சத்தில் நின்று மெல்ல இறங்கினால் கோளாறு காயிலிலோ, யூனிட்டிலோ, நடுவே உள்ள கப்ளரிலோ இருக்கிறது.

பிரித்துச் சொல்வது காயில் சோதனை. கப்ளரைக் கழற்றிவிட்டு, இஞ்சின் ஓடும்போது காயில் பக்கத்து ஒயர்களை இரண்டிரண்டாக ஏசி வோல்ட்டில் அளக்க வேண்டும். மூன்று ஜோடியிலும் 5000 ஆர்பிஎம்மில் 50 வோல்ட்டுக்கு மேல் வரும், பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. (அந்த முள்ளில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுருக்கென்று அடிக்கும்.) இஞ்சினை அணைத்தபின் எந்த ஒயருக்கும் இஞ்சின் பாடிக்கும் கன்டின்யூட்டி (மின் தொடர்பு) வரவே கூடாது. இதெல்லாம் சரியாக இருந்து பேட்டரிக்கு மட்டும் வரவில்லை என்றால் யூனிட்டை மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது அதே ஷன்ட் யூனிட்டைப் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஷிண்டென்கென் நிறுவனத்தின் எஃப்எச்020ஏஏ மாஸ்ஃபெட் வகை, பழையதைவிடக் குறைந்த சூட்டில் ஓடும். அவர்களுடைய எஸ்எச்847 சீரிஸ் வகை, தேவையில்லாத கரண்டை ஷார்ட் செய்யாமல் நிறுத்திவிடுவதால் காயிலும் பிழைக்கும். நான் என்றால் இரண்டாவதைத்தான் தேடுவேன். ஆன்லைனில் இவற்றுக்கு அச்சு அசல் போலிகள் உண்டு, பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல், நல்ல கப்ளர் வாங்கி, முள்ளை ஒயரில் அழுத்திப் பிடிக்கவைத்து கிரிம்ப் செய்யுங்கள். வெளியே வரும் பிளஸ்ஸை 30 ஆம்ப் பியூஸ் வழியாக நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோவது நல்லது.

சார்ஜிங் முழுக்கச் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? அப்போது இசியூவிடமே கேட்கலாம். சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் வண்டிகளில் சீட்டுக்கு அடியில் இருக்கும் டீலர் மோட் கப்ளரை (சோதனைக்கான இணைப்பு) ஷார்ட் செய்தால் மீட்டரில் கோளாறுக் குறியீடு வரும்; சி00 என்றால் கோளாறு பதிவாகவில்லை. ஹோண்டாவில் விளக்குச் சிமிட்டலை எண்ண வேண்டும், நீளமானது 10, குட்டையானது 1. யமஹாவில் 30 அல்லது 41 வந்தால் லீன் ஆங்கிள் சென்சார் பக்கம் பாருங்கள். வண்டி விழுந்தால் இஞ்சினை அணைப்பது அதுதான். நேராக இருக்கும்போது அதன் அவுட்புட் 0.4-இலிருந்து 1.4 வோல்ட், 65 டிகிரிக்கு மேல் சாய்த்தால் 3.7-இலிருந்து 4.4. மேலே 'அப்' என்று பொறித்திருக்கும். ஃபேரிங் வேலை செய்தவர் தலைகீழாக மாட்டிவிட்டால் வண்டி விழுந்து கிடப்பதாகவே இசியூ நினைத்துக்கொள்ளும். ஒன்றை மறக்காதீர்கள்: குறியீடு காட்டுவது அந்த சர்க்யூட்டை. சென்சார் வாங்கும் முன் அதன் ஒயரையும் கப்ளரையும் பாருங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, பியூஸ், ரிலே, எர்த் எல்லாம் சரி, இசியூவுக்கு வர வேண்டிய 12 வோல்ட்டும் வருகிறது, அப்போதும் பெட்டி பேசவில்லை என்றால் மாற்றுங்கள். சாவியை ஆஃப் செய்து, பேட்டரியைக் கழற்றி, கப்ளர் லாக்கை அழுத்தி எடுத்தால் வந்துவிடும். பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வண்டியில் இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் பார்க்கும் திருட்டுத் தடுப்பு) உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வேறு வண்டியின் இசியூ உங்கள் சாவியை ஏற்காது. அப்படிப்பட்ட வண்டிக்குப் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால் இசியூ, இக்னிஷன் சுவிட்ச், சாவி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாகக் கேளுங்கள். பெட்டி மட்டும்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.