வீட்டிலிருந்தே டிக்கெட் தொழில்: மெயின் ஏஜென்டைப் பார்த்துப் பிடியுங்கள்

திருச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து 2011 முதல் விமான டிக்கெட்டும் டூர் பேக்கேஜும் போட்டுக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் கீழே தருகிறேன்.

மணப்பாறை, ஒரு தங்கை: அக்கா, ஐயாட்டா லைசென்ஸ் இல்லாமல் டிக்கெட் போடலாமா? மெயின் ஏஜென்ட் என்கிறார்களே, அவர் யார்?

போடலாம். நானே அப்படித்தான் போடுகிறேன். ஐயாட்டா என்பது விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம். அதன் அங்கீகாரத்துக்கு பேங்க் கேரண்டி காட்ட வேண்டும், விமான நிறுவனங்களுக்குச் சேர வேண்டியதைத் தவணை தவறாமல் கட்ட வேண்டும். வீட்டிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு அது எட்டாது. அதனால் அங்கீகாரம் வாங்கிய ஒரு பெரிய ஏஜென்சிக்குக் கீழே சப் ஏஜென்டாகச் சேர்கிறோம். அவர்தான் மெயின் ஏஜென்ட். அவர் தரும் லாகினில் முன்பணம் போட்டு வைக்க வேண்டும், அதற்குப் பெயர் வாலட். டிக்கெட் போடப் போட அதிலிருந்து கழியும். டிக்கெட் அவர் கணக்கில்தான் வெளியாகும். ஆனால் பயணிக்குத் தெரிந்த முகம் உங்களுடையது மட்டும்தான்.

கரூர், ஒரு தம்பி: இரண்டு பேர் கூப்பிடுகிறார்கள். ஒருவர் சேர்க்கைக் கட்டணமே வேண்டாம் என்கிறார். இன்னொருவர் 25,000 ரூபாய் கட்டினால் போர்டு, விசிட்டிங் கார்டு எல்லாம் தந்து கமிஷனும் கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறார். யாரிடம் சேரலாம்?

தம்பி, கமிஷனைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது, கோலாலம்பூர் போகவிருந்த நாலு பேர் குடும்பத்தின் டிக்கெட்டை கேன்சல் செய்தேன். விமான நிறுவனம் பணத்தைத் திருப்பிவிட்டது, மெயிலும் வந்தது. என் அன்றைய மெயின் ஏஜென்ட், "வாலட்ல ஏத்தியாச்சும்மா, வேற டிக்கெட் போட்டுக்கங்க" என்றார். ஊரே அடைந்து கிடக்கும்போது யாருக்கு டிக்கெட் போடுவது? அந்தக் குடும்பத் தலைவருக்கோ வேலை போயிருந்தது. என் வளையலை அடகு வைத்து 46,000 ரூபாயைக் கொடுத்தேன். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், வாலட்டில் உள்ள தொகை வங்கிக் கணக்குக்குத் திரும்பாது என்று ஒரு வரி இருந்தது. சேரும்போது அதை நான் படிக்கவில்லை.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ரீஃபண்ட் வங்கிக்கு வருமா, எத்தனை நாளில் வரும் என்பது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். அடுத்து, 5,000 ரூபாய் மட்டும் வாலட்டில் போட்டு உங்கள் வீட்டு ஆள் ஒருவருக்கு உள்நாட்டு டிக்கெட் ஒன்று போட்டு, மறுநாள் கேன்சல் செய்யுங்கள். கேன்சல் கட்டணமாகச் சில ஆயிரம் போகும், போகட்டும். விமான நிறுவனம் பிடித்தது எவ்வளவு, மெயின் ஏஜென்ட் தன் பங்குக்குப் பிடித்தது எவ்வளவு, மீதி எப்போது வந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்கு அவர்கள் சப்போர்ட் நம்பருக்கும் போன் செய்யுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் ராத்திரியிலும் விமானம் போகிறது. செக் இன் கவுன்டரில் நிற்கும் பயணிக்கு விடியும்வரை பதில் இல்லை என்றால் உங்கள் பெயர்தான் கெடும்.

25,000 கட்டினால் கிடைக்கும் போர்டை நீங்களே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

ஒட்டன்சத்திரம், ஒரு ஆசிரியர்: விமான நிறுவனம் கமிஷன் தருவதில்லை என்கிறார்களே, வருமானம் எங்கிருந்து வருகிறது?

பெரிய விமான நிறுவனங்கள் 2008 வாக்கில் அடிப்படைக் கமிஷனை நிறுத்திவிட்டன. விற்பனை அளவு பார்த்து அவர்கள் தரும் சலுகை மெயின் ஏஜென்ட்டுக்கு வரும், அதில் கொஞ்சம் நமக்குக் கசியும். நான் உள்நாட்டு டிக்கெட்டுக்கு ஆளுக்கு 250 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் வாங்குகிறேன், அதை பில்லில் தனியாக எழுதிவிடுவேன். கட்டணத்துக்குள் மறைத்து ஏற்றினால், பயணி போனில் விலையைப் பார்த்த அன்றே உறவு முறிந்துவிடும். உண்மையான வருமானம் ஹோட்டல், பேக்கேஜ், விசா வேலை, பயணக் காப்பீடு ஆகியவற்றில்தான் இருக்கிறது.

அரியலூர், ஒரு தம்பி: என் சொந்த ஐ.ஆர்.சி.டி.சி. ஐடியில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ரயில் டிக்கெட் போட்டு 50 ரூபாய் வாங்கலாமா?

கூடவே கூடாது. அனுமதி இல்லாமல் டிக்கெட் தொழில் செய்தால் 1989 ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். இ-டிக்கெட்டுக்கும் அது பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையாக ஏஜென்ட் ஐடி வாங்குங்கள். அதிலும் தட்கலை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2025 ஜூலை 1 முதல், தட்கல் திறக்கும் முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்கள் போட முடியாது.

பெரம்பலூர், ஒரு அண்ணன்: துபாய்க்கு விசிட் விசா எடுத்தவரின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது. டிக்கெட் போடலாமா?

நிறுத்துங்கள் அண்ணா, முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் வழக்கம் இருப்பதால் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயருடன் விசிட் விசாவில் வருபவரை அமீரகம் அனுமதிப்பதில்லை. பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் அனுமதிப்பதாக விளக்கம் வந்தது. எனவே முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டின் படத்தையும் மெயின் ஏஜென்ட்டுக்கு அனுப்பி, அந்த விமான நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கித் தரச் சொல்லுங்கள். நல்ல மெயின் ஏஜென்ட் இதைச் செய்து தருவார்.

மற்ற நாடுகளுக்கும் பெயரை வாய்ச்சொல்லாகக் கேட்டு டைப் செய்யாதீர்கள். ஆதாரில் "மு. செல்வி" என்றும் பாஸ்போர்ட்டில் "செல்வி முத்துசாமி" என்றும் இருக்கும். பாஸ்போர்ட் படத்துக்குக் கீழே இரண்டு வரி இயந்திர எழுத்து இருக்கிறதே, அதைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடியுங்கள். குடும்பப் பெயர் இல்லாதவருக்குச் சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில நிறுவனங்களுக்கு வேறு முறை. ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

தஞ்சாவூர், ஒரு சகோதரி: ஜி.எஸ்.டி. கட்டாயமா?

சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் கட்டாயம். கமிஷன் மட்டும் வாங்குகிறவர் அதை எட்ட நாளாகும். ஆனால் பேக்கேஜை உங்கள் பெயரில் பில் போட்டால் முழுத் தொகையும் உங்கள் வரவாகிவிடும். அதனால் யார் பெயரில் பில் என்பதை மெயின் ஏஜென்டிடம் முன்கூட்டியே பேசுங்கள். பான் எண்ணையும் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வருமான வரியாகக் கமிஷனில் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

புதுக்கோட்டை, ஒரு அண்ணன்: வாலட்டில் எவ்வளவு வைக்கலாம்?

நான் ஒரு வாரத்துக்கு வேண்டியதற்கு மேல் வைப்பதில்லை. விமான நிறுவனங்களே திடீரென்று நின்றுபோகின்றன, மெயின் ஏஜென்ட் எம்மாத்திரம்? ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3 முதல் பறக்கவில்லை. ஏஜென்ட்கள் வழியாகப் போட்ட டிக்கெட் பணமும் அதில் மாட்டிக்கொண்டது.

மறுபடியும் கரூர் தம்பி: அக்கா, அந்த 25,000 கேட்டவருக்கு 10,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், கையெழுத்தும் வேண்டாம். ஒப்பந்த நகலை வாங்கி, ரீஃபண்ட், வாலட், விலகினால் முன்பணம் என்ன ஆகும் என்ற மூன்று இடத்தையும் படியுங்கள். ஒத்துவரவில்லை என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு மெயில் போடுங்கள், போனில் மட்டும் பேசாதீர்கள். பணம் கொடுத்த ரசீதையும் எனக்கு அனுப்புங்கள். அதில் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மெயிலை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.